பாஸ்வேர்ட் சரி, சி$ மட்டும் திறக்கவில்லை

கேள்வி: 17 அக்டோபர் 2025, மாலை 6.10

அண்ணா, எங்கள் கல்லூரி லேபில் 42 சிஸ்டம். டொமைன் (எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வரில் வைத்து நிர்வகிப்பது) எதுவும் இல்லை, ஒவ்வொரு சிஸ்டமும் தன் கணக்குகளைத் தானே வைத்திருக்கும் ஒர்க்குரூப்தான். விண்டோஸ் 10 இருந்தவரைக்கும் என் மேசையில் உட்கார்ந்தபடியே \\லேப்-17\சி$ என்று அடித்து உள்ளே போய்விடுவேன். பிராக்டிகல் அன்று வினாத்தாளை ஒவ்வொரு சிஸ்டத்திலும் போடுவது, முடிந்ததும் பிள்ளைகளின் புரோகிராம்களை எடுப்பது எல்லாம் இப்படித்தான். போன மாதம் எல்லாவற்றிலும் விண்டோஸ் 11 போட்டோம். அன்றிலிருந்து ஒன்றில்கூட நுழைய முடியவில்லை. பாஸ்வேர்ட் சரியாகத்தான் கொடுக்கிறேன். 11-இல் சி$ ஷேரையே எடுத்துவிட்டார்களா? நவம்பரில் பிராக்டிகல் வருகிறது.

17 அக்டோபர், இரவு 9.40

எடுக்கவில்லை. லேப்-17 முன்னால் போய் உட்கார்ந்து, கமாண்ட் விண்டோவில் 'நெட் ஷேர்' என்று அடித்துப் பாருங்கள். சி$, அட்மின்$, ஐபிசி$ மூன்றும் வரிசையாக வரும். சி$ என்பது சி டிரைவ் முழுவதும். அட்மின்$ என்பது விண்டோஸ் ஃபோல்டர். ஐபிசி$-க்குப் பின்னால் ஃபோல்டர் எதுவும் கிடையாது, இரண்டு சிஸ்டங்கள் பேசிக்கொள்ளும் வாசல் அது. 'சர்வர்' என்ற சர்வீஸ் கிளம்பும்போதெல்லாம் இவற்றைத் தானே போட்டுக்கொள்ளும். கையால் நீக்கினாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வந்து நிற்கும்.

எனக்கு வேண்டியது எண். "திறக்கவில்லை" என்பதில் ஏழெட்டு வகை இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் அடிக்காதீர்கள், அது பாஸ்வேர்ட் பெட்டியைத் திரும்பத் திரும்பக் காட்டி விஷயத்தை மறைத்துவிடும். கமாண்ட் விண்டோவில் 'நெட் யூஸ்' போட்டு, ஷேர் பெயர் கொடுத்து, /யூசர் என்ற இடத்தில் லேப்-17\பெயர் என்று முழுசாகக் கொடுங்கள். அது 'சிஸ்டம் எரர்' என்று ஓர் எண் சொல்லும்.

53 என்றால் அந்த சிஸ்டத்தை எட்டவே முடியவில்லை: பெயர், கேபிள், ஃபயர்வால். 67 என்றால் சிஸ்டம் கிடைத்தது, அந்தப் பெயரில் ஷேர் கிடைக்கவில்லை. 1326, 86 இரண்டும் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு என்பவை. 5 என்றால் நீங்கள் யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது. 5-க்கும் 1326-க்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்களை நம்பாதீர்கள்.

17 அக்டோபர், இரவு 9.55

எக்ஸ்ப்ளோரரில்தான் பார்ப்பேன் என்றால், அது காட்டும் நீளமான எண்ணின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். 80070035 என்று முடிந்தால், அந்த 35 பதினாறின் அடிமானத்தில் எழுதியது. மூன்று பதினாறு 48, அதோடு 5, ஆக 53. அதே எண்தான், வேறு சட்டை.

18 அக்டோபர், காலை 7.20

எண் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, வழி தெரிந்துவிட்டது.

2007-இல் விஸ்டா கடைகளுக்கு வந்த நாளிலிருந்து இருக்கும் விதி இது. ஒர்க்குரூப்பில் ஒரு சிஸ்டத்தின் சொந்த அட்மின் கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக நுழைந்தால், விண்டோஸ் உங்களை உள்ளே அழைக்கும், ஆனால் அட்மின் என்ற பட்டத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடும். நேரில் உட்கார்ந்தால் "அனுமதிக்கவா?" என்று ஒரு பெட்டி கேட்கும் அல்லவா, நெட்வொர்க் வழியாக வருபவரிடம் அதைக் கேட்க வழியில்லை. அதனால் சாதாரண ஆளாகவே நடத்துகிறது. சி$ அட்மினுக்கு மட்டும் என்பதால் 5.

டொமைன் கணக்குகளுக்கு இந்தக் கழற்றல் கிடையாது. இயந்திரத்தோடு பிறந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்குக்கும் இயல்பாகக் கிடையாது. உங்கள் பழைய விண்டோஸ் 10 இமேஜில் (எல்லா சிஸ்டத்திலும் போட எடுத்து வைத்த முழு டிஸ்க் நகல்) யாரோ அந்தக் கணக்கைத்தான் திறந்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) கீழே சொல்லும் மாற்றத்தைச் செய்திருப்பார்கள். அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

மாற்றம் இது: லேப்-17-இல் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசிஸ், சிஸ்டம். அங்கே 'லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி' என்ற பெயரில் (நடுவில் இடைவெளி கிடையாது) 32 பிட் டிவேர்ட் ஒன்று உருவாக்கி 1 கொடுங்கள்.

எக்ஸ்பி காலத்தில் இதே அறிகுறிக்கு வேறு காரணம் இருந்தது. 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' இருந்தால் நெட்வொர்க் வழியாக வரும் எல்லோரும் கெஸ்ட்தான், எந்தப் பெயர் கொடுத்தாலும். இன்னமும் அந்தப் பழைய மருந்தை விண்டோஸ் 11-க்கு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

18 அக்டோபர், மதியம் 1.05

சோதிப்பதற்கு முன் 'நெட் யூஸ் * /டெலிட்' அடித்துப் பழைய இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். ஒரே சிஸ்டத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பெயர்களில் போனால் 1219 என்று வரும், அப்புறம் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

19 அக்டோபர், இரவு 11.30

நேற்றுக் காலை எழுதியது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதியது தவறில்லை, ஆனால் பாதிதான் எழுதினேன்.

42 சிஸ்டமும் ஒரே இமேஜிலிருந்து வந்தவை என்கிறீர்கள். அப்படியென்றால் 42-இலும் ஒரே அட்மின் பெயர், ஒரே பாஸ்வேர்ட். அதோடு நான் சொன்ன மாற்றத்தையும் செய்தால், ஒன்றில் நுழைந்தவன் நாற்பத்திரண்டிலும் நுழைந்த மாதிரி. பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கக்கூடத் தேவையில்லை, அதன் ஹாஷ் (விண்டோஸ் சேமித்து வைக்கும் அதன் மாற்று வடிவம்) கிடைத்தாலே போதும்.

இது ஏதோ ஏட்டுப் பயம் என்று நினைக்க வேண்டாம். 2009 தொடக்கத்தில் நான் வேறொரு கல்லூரி லேபில் இருந்தேன். 60 சிஸ்டம், எக்ஸ்பி, எல்லாவற்றிலும் பாஸ்வேர்ட் 'அட்மின்123'. ஒரு திங்கட்கிழமை காலை நெட்வொர்க் நகரவே இல்லை. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் எதுவும் திறக்கவில்லை, மற்ற எல்லாத் தளங்களும் திறந்தன. ஒரு சிஸ்டத்தில் ஷெட்யூல்ட் டாஸ்க் பட்டியலைத் திறந்தேன். நாங்கள் யாரும் வைக்காத வேலைகள் 'ஏட்1', 'ஏட்2', 'ஏட்3' என்று வரிசையாக நின்றன. கான்ஃபிக்கர். 2008 நவம்பரில் தலைகாட்டிய புழு. அது நுழைய உதவிய ஓட்டைக்கு அக்டோபர் 23-ஆம் தேதியே பேட்ச் வந்துவிட்டது, நாங்கள் போடவில்லை. ஆனால் பேட்ச் போட்ட சிஸ்டங்களிலும் அது நுழையும். எப்படியென்றால், தன்னோடு ஒரு பாஸ்வேர்ட் பட்டியலைச் சுமந்து வந்து, அட்மின்$ ஷேரின் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். அந்தப் பட்டியலில் 'அட்மின்123' இருந்தது.

நெட்வொர்க் சுவிட்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்கப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுத்தம் செய்து முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த வாரத் தேர்வைத் தள்ளி வைத்தார்கள்.

2017 ஜூன் 27-இல் உக்ரைனில் கிளம்பிய நாட்பெட்யா என்ற புழுவும் பாதி இந்த வழிதான். நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டுகளை உருவி, அட்மின்$-இல் தன்னை நகலெடுத்து, தொலைவிலிருந்து கட்டளை ஓட்ட நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் பிஎஸ்எக்ஸெக் என்ற கருவியை வைத்தே அடுத்த சிஸ்டத்தில் ஓடியது. எல்லா பேட்சும் போட்டிருந்த சிஸ்டங்களும் விழுந்தன.

அதனால் அந்த 1-ஐ 42-இலும் போடாதீர்கள். ஒன்றில் போட்டுச் சோதித்ததோடு நிறுத்துங்கள்.

20 அக்டோபர், காலை 10.15

தீபாவளி அன்றும் தனிச்செய்தியில் கேள்வி வந்திருக்கிறது: "$ போட்டால் மறைந்துவிடுமே, பிறகு என்ன ஆபத்து?" மறைப்பது பார்ப்பவரின் விண்டோஸ்தான். ஷேர் வைத்திருக்கும் சிஸ்டம், செல்லுபடியாகும் கணக்கோடு வந்து கேட்டவருக்கு முழுப் பட்டியலையும் கொடுக்கிறது. வாங்கிக்கொள்ளும் விண்டோஸ், கடைசியில் $ இருப்பதைத் தன் ஜன்னலில் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். லினக்ஸிலிருந்து கேட்டால் சி$ பளிச்சென்று தெரியும்.

வேண்டவே வேண்டாம் என்பவர்கள் 'ஆட்டோஷேர்டபிள்யூகேஎஸ்' என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 0 ஆக்கலாம். சர்வர் பதிப்பில் அதன் பெயர் 'ஆட்டோஷேர்சர்வர்'. சி$, அட்மின்$ போய்விடும், ஐபிசி$ போகாது. அட்மின்$-ஐ நம்பியிருக்கும் தொலைநிர்வாகக் கருவிகளும் அதோடு நின்றுபோகும்.

20 அக்டோபர், இரவு 8.50

வெடிச் சத்தத்தில் ஒன்று தோன்றியது. முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்: உங்களுக்கு சி டிரைவ் முழுக்க எதற்கு?

வினாத்தாள் வைக்க வேண்டும், புரோகிராம்களை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அதற்கு அட்மின் உரிமையே தேவையில்லை. ஒவ்வொரு சிஸ்டத்திலும் 'தேர்வு' என்று ஒரு ஃபோல்டர், அதற்குச் சாதாரண ஷேர், அதைத் திறக்க அட்மின் அல்லாத ஒரு கணக்கு. கழற்ற பட்டமே இல்லாத கணக்கு என்பதால் 5 என்ற தொல்லையும் இல்லை. லேப்-17-இல் செய்து பாருங்கள்.

22 அக்டோபர், மாலை 5.30

'தேர்வு' ஷேரும் திறக்கவில்லை, 1326 வருகிறது என்கிறீர்கள். அது பெயர், பாஸ்வேர்ட் விவகாரம். பெயருக்கு முன்னால் லேப்-17\ போட்டீர்களா? போடாவிட்டால் வேறு சிஸ்டத்தின் பெயரோடு போய் நிற்கும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைகிற சிஸ்டம் என்றால், தினமும் அடிக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். காலி பாஸ்வேர்ட் என்றால் 1327 வந்திருக்கும், ஆக அது இல்லை. பாஸ்வேர்டை நோட்பேடில் கண் முன்னால் அடித்து, நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். எழுத்துப் பிழைதான் இருக்க வேண்டும்.

22 அக்டோபர், இரவு 10.10

நகலெடுத்து ஒட்டியும் 1326. அதே பெயர், அதே பாஸ்வேர்டோடு லேப்-17-இல் நேரில் உட்கார்ந்தால் திறக்கிறது. ஒன்று சொன்னீர்கள், அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: உங்கள் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்து அதே சுவிட்சில் மாட்டினால் 'தேர்வு' உடனே திறக்கிறது.

அப்படியென்றால் பாஸ்வேர்ட் சரி, ஃபயர்வால் சரி, ஷேர் சரி. எழுத்துப் பிழை என்று நான் சொன்னது தவறு.

உங்கள் மேசை சிஸ்டமும் அதே இமேஜிலிருந்து க்ளோன் செய்ததா?

23 அக்டோபர், இரவு 9.00

இன்று எங்கள் லேபிலேயே ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஜூலையில் ஒரு சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்து ஆறு சிஸ்டங்களில் போட்டிருந்தேன், விண்டோஸ் 11-இன் 24எச்2 என்ற பதிப்பு. ஆறாவதில் உட்கார்ந்து இரண்டாவதுக்குப் போனேன். 1326. ஆகஸ்ட் நடுவில் இதே வழியாக ஃபைல் நகலெடுத்திருக்கிறேன், நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது சிஸ்டத்தின் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவில், நான் முயன்ற அதே நிமிடத்தில் ஒரு வரி. மூலம் எல்எஸ்ஏஎஸ்ஆர்வி (உள்நுழைவைச் சரிபார்க்கும் விண்டோஸ் பகுதி), எண் 6167. இயந்திர அடையாளம் ஓரளவு பொருந்தவில்லை என்பது அதன் சாரம்.

பிறகு இரண்டிலும் 'ஹூ ஆம் ஐ' கட்டளையை /யூசர் சேர்த்து அடித்தேன் (சேர்த்தே எழுத வேண்டும்). எஸ்-1-5-21 என்று தொடங்கி, நடுவில் மூன்று நீண்ட எண்கள், கடைசியில் 1001 என்று ஒரு வரி வரும். கடைசி எண் கணக்குக்குரியது, நடுவில் உள்ள மூன்றும் சேர்ந்ததுதான் இயந்திரத்தின் எஸ்ஐடி, அதாவது பாதுகாப்பு அடையாள எண். காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை. ஆறு சிஸ்டத்துக்கும் ஒரே கைரேகை.

உங்கள் மேசையிலும் லேப்-17-இலும் இதை அடித்து, அந்த மூன்று எண்களையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

24 அக்டோபர், காலை 6.45

ஒன்றேதான் என்று வந்துவிட்டது. சரி, இப்போது முழுசாகச் சொல்கிறேன். இது பதினாறு வருடமாக நான் சொல்லிக் கொடுத்துவந்த ஒன்றைத் திருத்துவது.

க்ளோன் செய்தால் எஸ்ஐடி இரட்டிக்கும், அதை மாற்ற வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் பயந்தோம். சிஸ்இன்டர்னல்ஸின் 'நியூஎஸ்ஐடி' என்ற கருவியை எல்லா லேபிலும் ஓட்டினோம். அதை எழுதிய மார்க் ருசினோவிச்சே 2009 நவம்பரில் அந்தக் கருவிக்கு ஓய்வு கொடுத்தார். இயந்திர எஸ்ஐடி அந்த இயந்திரத்தைவிட்டு வெளியே போவதில்லை, அதனால் இரண்டு சிஸ்டங்களில் ஒன்றே இருந்தாலும் கெடுதல் இல்லை என்று காரணம் காட்டி எழுதினார். அன்றைய நிலையில் அது சரி. அதைப் படித்ததிலிருந்து நானும், என் கீழ் வேலை பழகிய பிள்ளைகளிடம், "நகலெடுத்துப் போடு, பெயரை மட்டும் மாற்று, போதும்" என்றே சொல்லி வந்தேன்.

ஆனால் அதே கட்டுரையில், க்ளோன் செய்வதற்கு முறையான வழி சிஸ்பிரெப் (இமேஜ் எடுக்கும் முன் சிஸ்டத்தின் சொந்த அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) மட்டுமே என்பது மாறவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். எஸ்ஐடி தவிர வேறு பல அடையாளங்களும் இருக்கின்றன என்பதற்காக. அந்த வரியை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

2025 ஆகஸ்ட் 29-இலும் அதற்குப் பிறகும் வந்த அப்டேட்டுகளில் நிலைமை மாறிவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2, சர்வர் 2025 மூன்றிலும் அடையாளம் சரிபார்க்கும்போது எஸ்ஐடியும் பார்க்கப்படுகிறது. இரண்டு பக்கமும் ஒரே எஸ்ஐடி என்றால், விண்டோஸ் அடையாளம் சரிபார்க்கும் கெர்பராஸ், என்டிஎல்எம் என்ற இரண்டு வழியிலும் கதவு மூடிவிடும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த சோதனை என்று மைக்ரோசாப்ட் இந்த அக்டோபரில் விளக்கம் வெளியிட்டிருக்கிறது. ஷேர் மட்டுமல்ல, ரிமோட் டெஸ்க்டாப்பும் இதே மாதிரி "பாஸ்வேர்ட் தவறு" என்றே சொல்லும். பாஸ்வேர்ட் தவறே கிடையாது.

உங்கள் லேப்டாப் திறந்ததற்கும் இதுதான் காரணம். அது தனியாக நிறுவியது, எஸ்ஐடி வேறு.

17-ஆம் தேதி 1326 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு என்று எழுதினேன் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

24 அக்டோபர், காலை 7.05

முதலில் எண் 5 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 18-ஆம் தேதி நீங்கள் சோதித்தது அலுவலக அறை சிஸ்டத்திலிருந்து என்று இப்போதுதான் சொன்னீர்கள். அது க்ளோன் அல்ல. அங்கிருந்து 5, மேசையிலிருந்து 1326. இரண்டு நோயும் ஒரே லேபில் இருந்திருக்கிறது. எங்கிருந்து சோதிக்கிறோம் என்று முதல் நாளே கேட்காதது என் பிழை.

28 அக்டோபர், இரவு 10.40

எங்கள் ஆறையும் முடித்துவிட்டேன். உங்கள் 42-க்கும் வழி இதுதான்: தாய் சிஸ்டம் ஒன்றைச் சுத்தமாகத் தயார் செய்து, சிஸ்பிரெப்பில் 'ஜெனரலைஸ்' என்பதை டிக் செய்து, ஷட்டவுன் ஆக விட்டு, அதற்குப் பிறகு இமேஜ் எடுங்கள். நடுவில் ஒருமுறைகூட பூட் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் புது எஸ்ஐடி போட்டுக்கொண்டு பழைய கதையே.

எனக்கு இரண்டு முறை சிஸ்பிரெப் நடுவிலேயே நின்றது. சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் பாந்தர் என்று ஒரு ஃபோல்டர், அதில் செட்டப்ஆக்ட் என்ற பதிவுக் கோப்பு. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் ஆப்பின் பெயரைச் சொல்லி, இது ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, எல்லோருக்கும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த ஆப்பை நீக்கினால் அடுத்ததன் பெயரைச் சொல்லும். தாய் சிஸ்டத்தை இன்டர்நெட் இல்லாமல் தயார் செய்தபோது இந்தத் தொல்லை வரவில்லை, நடுவில் ஆப் எதுவும் தானாக வந்து உட்காரவில்லை.

42-ஐயும் மறுபடி இமேஜ் போடுவது பெரிய வேலை என்று தெரியும். சோதனையைத் தற்காலிகமாகத் தளர்த்த ஒரு குரூப் பாலிசி இருக்கிறது, அதை மைக்ரோசாப்ட் சப்போர்ட்டில் கேட்டு வாங்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. இணையத்தில் எஸ்ஐடியை நேரடியாக மாற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகளைப் பிராக்டிகல் நடக்கப்போகும் லேபில் ஓட்டாதீர்கள்.

29 அக்டோபர், காலை 6.30

இமேஜ் எடுப்பதற்கு முன் இன்னொன்று. ஃபயர்வாலில் 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்', எஸ்எம்பி-இன் (ஷேருக்காக உள்ளே வரும் பாதை) என்ற விதியைத் திறந்து, ஸ்கோப் பக்கத்தில் உங்கள் மேசை சிஸ்டத்தின் ஐபியை மட்டும் கொடுங்கள். இயல்பில் அங்கே 'லோக்கல் சப்நெட்' என்று இருக்கும், அதாவது லேபில் யாரும் யாரிடமும் போகலாம். மேசையிலிருந்து மட்டும் 445 (ஷேர்கள் பயன்படுத்தும் போர்ட் எண்) திறந்திருந்தால், ஒரு பிள்ளையின் பென்டிரைவில் வந்தது பக்கத்து சிஸ்டத்துக்கு இந்த வழியாகத் தாவ முடியாது. பிள்ளைகள் சர்வர் ஷேருக்குப் போவதை இது தடுக்காது, அது வெளியே போகும் பாதை. 2009-இல் இந்த ஒரு விதி இருந்திருந்தால் நான் அந்த நான்கு நாளும் சுவிட்ச் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் ஒருவர் 'லேப்ஸ்' என்ற மைக்ரோசாப்ட் கருவியைப் போடச் சொல்கிறார். நல்ல கருவி, ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் வேறு வேறு அட்மின் பாஸ்வேர்ட் தானே மாற்றிக்கொள்ளும், 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸிலேயே வருகிறது. ஆனால் அதற்கு, டொமைனை நடத்தும் ஆக்டிவ் டைரக்டரியோ மைக்ரோசாப்டின் இணையவழிக் கணக்குச் சேவையான என்ட்ராவோ வேண்டும். ஒர்க்குரூப்பில் நீங்களே சிஸ்டத்துக்கு ஒன்றாக எழுதி, நோட்டில் குறித்து, அலமாரியில் பூட்டுங்கள்.

2 நவம்பர், மாலை 4.20

இமேஜ் போட்ட 41 சிஸ்டங்களில் 'தேர்வு' ஷேர் மேசையிலிருந்து திறக்கிறது, லேப்-31 மட்டும் 53 சொல்கிறது என்கிறீர்கள். 53-க்கு எஸ்ஐடி காரணமாகாது. அங்கே நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். இமேஜ் போட்டபின் முதல் பூட்டில் எங்களுக்கும் ஒன்று அப்படி வந்தது, ஃபயர்வால் விதி பிரைவேட்டில் மட்டும் திறந்திருந்தது.

அப்புறம், லேப்-17-இல் சோதனைக்குப் போட்ட அந்த 1, புது இமேஜோடு போயிருக்கும். திரும்பப் போட வேண்டாம்.

2 நவம்பர், மாலை 5.10

பப்ளிக்தானாம். மாற்றியதும் 31-உம் திறந்துவிட்டது. பிராக்டிகலுக்கு முந்தின நாள் ஒரு வெற்றுக் கோப்பை 42-இலும் போட்டு, 42-இலிருந்தும் திரும்ப எடுத்துப் பாருங்கள்.